சர்வ் வந்தாலே பதற்றமா? டென்னிஸ் ரிட்டர்ன் எங்கே சொதப்புகிறது, எப்படி சரி செய்வது?

சனிக்கிழமை காலை ஆறரை மணி. அபார்ட்மென்ட் கோர்ட். எதிரே நிற்பவர் பந்தை மேலே போடுகிறார், அடிக்கிறார். நீங்கள் ராக்கெட்டைப் பின்னால் கொண்டு போவதற்குள் பந்து உங்களைத் தாண்டி வேலியில் மோதுகிறது. அடுத்த பந்து ராக்கெட் ஓரத்தில் பட்டு பக்கத்து கோர்ட்டுக்குப் போகிறது. மூன்றாவது பந்து நெட்டில். "சாரி பார்ட்னர்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு செட் முடிந்துவிடுகிறது. கோர்ட் வாடகையில் பாதி நீங்களும்தான் கொடுத்தீர்கள். ஆனால் ஆடியது என்னவோ அவர் மட்டும்தான்.

வார இறுதியில் டென்னிஸ் ஆடும் பலருக்கும் இது பழகிய கதை. "எனக்கு ஸ்பீடு பத்தல", "வயசாயிடுச்சு" என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. சர்வ்வை வாங்கும்போது நாம் செய்யவேண்டிய வேலை என்ன என்பதையே தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம். திருப்பி அடித்து பாயிண்ட் எடுப்பது அல்ல அந்த வேலை. பந்தை உள்ளே போட்டு, சர்வ் போட்டவரை இன்னொரு ஷாட் ஆட வைப்பது.

ஒரு சின்ன கணக்கு பாருங்கள். சிங்கிள்ஸில் ஏறக்குறைய பாதி பாயிண்ட்டுகளில் ரிட்டர்ன் அடிக்கப்போவது நீங்கள்தான். டபுள்ஸில் நான்கு பேர் என்பதால் கால்வாசி. ஆனால் பயிற்சி நேரம் எங்கே போகிறது? ஃபோர்ஹேண்ட் அரை மணி நேரம், பேக்ஹேண்ட் கால் மணி நேரம், கடைசியில் ஒரு கூடை பந்தை வைத்துக்கொண்டு சர்வ். அந்த சர்வ்வை எதிர்ப்பக்கம் யாரும் திருப்பி அடிப்பதுகூட இல்லை. பந்து பொறுக்கத்தான் ஆள் நிற்கிறார்.

(இதையெல்லாம் நல்ல தமிழில் எழுதலாம் என்று பார்த்தால், சர்வ் போடுபவர் அனுப்புநர், வாங்குபவர் பெறுநர் என்று லீவ் லெட்டர் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் ரிட்டர்ன் என்றே வைத்துக்கொள்வோம்.)

உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். டிவியில் பார்க்கும் 200 கி.மீ. வேக சர்வ், காற்றிலும் தரையில் பட்டும் வேகம் குறைந்து, எதிரே நிற்பவரிடம் வர அரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். நம் கோர்ட்டில் நல்ல வேகமாகப் போடுபவர் 130 கி.மீ. போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பந்து உங்களிடம் வர ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரம்.

ஒரு விநாடி கம்மியா? ராக்கெட்டைத் தோளுக்குப் பின்னால் சுழற்றி பெரிய ஷாட் அடிக்க நிச்சயம் கம்மிதான். ஆனால் தோளைத் திருப்பி, ராக்கெட்டை உடம்புக்கு முன்னாலேயே வைத்து, வரும் பந்தைத் தள்ளிவிட அது தாராளம். சொதப்பல் தொடங்கும் இடம் இதுதான். ராலியில் அடிக்கும் அதே முழு ஃபோர்ஹேண்டை ரிட்டர்னிலும் அடிக்கப் பார்க்கிறோம். ராக்கெட் பின்னாலிருந்து திரும்பி வருவதற்குள் பந்து உடம்பைத் தாண்டிவிடுகிறது. பிறகு மணிக்கட்டை முறுக்கி எப்படியாவது சமாளிக்கிறோம். முழங்கை வலிக்கு இப்படித் தாமதமாக அடிக்கும் பேக்ஹேண்ட்டும் ஒரு காரணம்.

வேகமான சர்வ்வில் வேகத்தை நீங்கள் தயாரிக்கத் தேவையில்லை, அதை எதிராளியே கொடுத்துவிட்டார். சென்னையைச் சேர்ந்த ரமேஷ் கிருஷ்ணன் முரட்டு சர்வ்வுக்குப் பெயர் போனவர் அல்ல. எதிராளியின் வேகத்தை வாங்கி, அளவான ஸ்விங்கில் இடம் பார்த்துப் போடுவதுதான் அவர் ஆட்டம். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போதைய உலகின் நம்பர் 1 வீரர் மாட்ஸ் விலாண்டரை இரண்டாவது சுற்றிலேயே வெளியே அனுப்பினார்.

37 ஏஸ் போட்டும் தோற்றவர்

ரிட்டர்ன் விஷயத்தில் மனதுக்குத் தெம்பு வேண்டும் என்றால் 1992 விம்பிள்டன் இறுதிப்போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குரோஷியாவின் கோரன் இவானிசெவிச் அந்த ஒரு மேட்ச்சில் மட்டும் 37 ஏஸ் போட்டார். அதாவது, எதிரே நின்ற ஆந்த்ரே அகாஸியால் 37 பந்துகளைத் தொடக்கூட முடியவில்லை. ஐந்து செட் போன அந்த மேட்ச்சில் கோப்பையை வாங்கியது அகாஸி. ஏஸ் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, தொட முடிந்த பந்துகளைத் தொடர்ந்து உள்ளே போட்டுக்கொண்டே இருந்தார். கடைசி பாயிண்ட்டிலும் அவர் ரிட்டர்ன் உள்ளே வந்தது, இவானிசெவிச்சின் வாலி நெட்டில் விழுந்தது.

நம் லெவலில் ஒரு செட்டுக்கு இரண்டு ஏஸ் வாங்கினாலே முகம் சுருங்கிவிடுகிறது. நல்ல சர்வ் வந்தால் "நல்ல சர்வ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய் நிற்பதே புத்திசாலித்தனம். கவலைப்பட வேண்டியது ஏஸைப் பற்றி அல்ல. மெதுவாக வந்தும் நெட்டில் அடித்த அந்த இரண்டாவது சர்வ்வைப் பற்றி.

அந்தச் சின்ன குதி

ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள். எதிராளி பந்தை அடிக்கும் தருணத்தில், இருந்த இடத்திலேயே ஒரு சின்ன குதி. பெரிய ஜம்ப் எல்லாம் இல்லை, குதிகால் தரையை விட்டு எழுந்தால் போதும். டென்னிஸில் இதற்கு ஸ்ப்ளிட் ஸ்டெப் என்று பெயர். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று கண் புரிந்துகொள்ளும் நேரமும், கால் தரையில் இறங்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போது முழங்கால் ஏற்கெனவே மடங்கியிருக்கும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உடனே தள்ளிக்கொண்டு போகலாம். பவுலர் பந்தை விடும் நேரத்தில் ஸ்லிப்பில் நிற்பவர் எப்படித் தயாராகிறாரோ, அதே மாதிரி.

இது நேரம் தப்பினால் பயன் இல்லை. சீக்கிரம் குதித்தால் மறுபடி சிலை மாதிரி நின்றுவிடுவீர்கள். தாமதமாகக் குதித்தால் பந்து வரும்போது நீங்கள் காற்றில் இருப்பீர்கள். எளிய வழி: அவர் டாஸ் போடும்போது ஓர் அடி முன்னால் எடுத்து வையுங்கள், ராக்கெட் பந்தில் படும்போது குதியுங்கள். முதல் இரண்டு வாரம் யாரோ பார்த்துச் சிரிப்பது போலவே இருக்கும். பரவாயில்லை.

காத்திருக்கும்போது இன்னொரு கை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கைதான் தோளைத் திருப்ப உதவும், ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கு கிரிப் மாற்றவும் உதவும். பிடியை இறுக்காதீர்கள். பயத்தில் இறுக்கிப் பிடித்த கை எப்போதும் தாமதமாகத்தான் நகரும்.

எங்கே நிற்பது?

விதிப்படி, உங்கள் பக்க நெட்டுக்கு இந்தப் பக்கம் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும். சர்வ் தரையில் ஒருமுறை பட்ட பிறகே அடிக்க வேண்டும், அவ்ளோதான். ஆனாலும் பலர் எல்லாருடைய சர்வ்வுக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

நடால், மெத்வதேவ் போன்றவர்கள் பேஸ்லைனுக்குப் பல மீட்டர் பின்னால் நின்று வாங்கியிருக்கிறார்கள். 2015-ல் ஃபெடரர், எதிராளி இரண்டாவது சர்வ் போடும்போதே சர்வீஸ் லைன் வரைக்கும் ஓடி வந்து அடித்தார். இரண்டும் இரண்டு துருவம். முதலாவதுக்கு ஓடும் கால் வேண்டும், இரண்டாவதுக்கு அசாத்திய கை வேண்டும். நமக்கு நடுவில் ஒன்று: வேகமான முதல் சர்வ்வுக்கு பேஸ்லைனுக்கு ஓர் அடி, இரண்டடி பின்னால். இரண்டாவது சர்வ்வுக்கு கோட்டுக்கு உள்ளே வந்துவிடுங்கள். நீங்கள் முன்னால் வருவதைப் பார்த்தே டபுள் ஃபால்ட் போடுபவர்கள் எல்லா கிளப்பிலும் இருக்கிறார்கள்.

பக்கவாட்டில் எங்கே என்றால், அவரால் போட முடிந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவே. உங்கள் பேக்ஹேண்ட் பலவீனம் என்றால் அந்தப் பக்கம் அரை அடி தள்ளி நிற்பதில் தப்பில்லை. முழு கோர்ட்டையும் திறந்துவிட்டு ஓரத்தில் போய் நிற்பதுதான் தப்பு.

டாஸ் பேசும்

அகாஸியும் போரிஸ் பெக்கரும் 14 முறை மோதினார்கள். முதல் மூன்று மேட்ச் பெக்கருக்கு. கடைசிக் கணக்கில் 10 வெற்றி அகாஸிக்கு. ஓய்வு பெற்ற பிறகு அகாஸி ரகசியத்தைச் சொன்னார்: பெக்கர் டாஸ் போடும் முன் நாக்கை லேசாக வெளியே நீட்டுவார். நாக்கு ஓரமாகப் போனால் சர்வ் கோர்ட்டின் ஓரத்துக்கு வரும், நடுவில் இருந்தால் நடுவிலோ உடம்பைப் பார்த்தோ வரும். எல்லாப் பந்தையும் திருப்பி அடித்தால் பெக்கருக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பதால், முக்கியமான பாயிண்ட்டில் மட்டும் அதைப் பயன்படுத்தினாராம்!

நம் எதிராளியின் நாக்கைப் பார்க்க வேண்டியதில்லை. டாஸ் போதும். வலது கை ஆட்டக்காரர் என்றால், அவர் போடும் டாஸ் உங்கள் பார்வையில் இடது பக்கம் விலகினால் பெரும்பாலும் ஸ்லைஸ். பந்து உங்கள் வலப்பக்கமாக வளைந்து போகும். டாஸ் அவர் தலைக்கு மேலே, கொஞ்சம் பின்னால் போனால் கிக் சர்வ். தரையில் பட்டதும் உங்கள் இடப்பக்கம் உயரமாக எழும்பும். இடது கைக்காரருக்கு அப்படியே தலைகீழ். ப்ரோ வீரர்கள் எல்லா சர்வ்வுக்கும் ஒரே டாஸ் போட்டு இதை மறைப்பார்கள். நம் பக்கத்து பிளாட் அங்கிள் மறைப்பதில்லை. இரண்டு கேம் கவனித்தால் அவர் கதை தெரிந்துவிடும்.

எங்கே அடிப்பது?

2011 அமெரிக்க ஓபன் அரையிறுதி. ஐந்தாவது செட்டில் ஃபெடரருக்கு இரண்டு மேட்ச் பாயிண்ட். முதல் பாயிண்ட்டில் வந்த சர்வ்வை ஜோகோவிச் ஃபோர்ஹேண்டில் குறுக்காக அறைந்தார். ஃபெடரரால் நகரக்கூட முடியவில்லை. அந்த மேட்ச்சை ஜோகோவிச் ஜெயித்தார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் நாம் கெட்டுப் போகிறோம். அவரை உலகின் தலைசிறந்த ரிட்டர்ன்காரர் ஆக்கியது அந்த ஷாட் இல்லை. பெரிய சர்வ்வைக்கூட நடுவில், ஆழமாக, எதிராளியின் காலடியில் கொண்டுபோய்ப் போடும் அந்தச் சலிப்பான ரிட்டர்ன்தான்.

நடுவில் அடித்தால் பக்கவாட்டில் வெளியே போக வாய்ப்பே இல்லை. எதிராளிக்கும் ஓரத்தைத் திறக்கும் கோணம் கிடைக்காது. நெட் நடுவில் 91.4 செ.மீ., ஓரக் கம்பங்களில் 1.07 மீட்டர். 15 செ.மீ. வித்தியாசம் சின்னது போலத் தெரியும், தாமதமாக அடித்த பந்துக்கு அதுதான் உயிர். அடுத்த பாதுகாப்பான வழி குறுக்கே அடிப்பது. சிங்கிள்ஸ் கோர்ட்டின் மூலைவிட்டம் 25 மீட்டருக்கு மேல், நேர்கோட்டை விட ஒரு மீட்டருக்கும் அதிகமான இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. நெட்டுக்கு மேல் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு அடியுங்கள். டிவியில் நெட்டை உரசிக்கொண்டு போவது அழகுதான், நமக்கு வேண்டாம்.

டபுள்ஸில் மட்டும் நடு ஆபத்து, ஏனென்றால் அங்கே நெட் அருகே ஒருவர் காத்திருக்கிறார். குறுக்கே, சர்வ் போட்டவர் பக்கம் அனுப்புங்கள். சர்வ் போட்டுவிட்டு அவர் ஓடி வந்தால் காலடிக்குத் தாழ்வாக. நெட்டில் இருப்பவர் அடிக்கடி குறுக்கே பாய்ந்து பறித்தால், அவர் தலைக்கு மேல் ஒரு லாப். ஒரே ஒரு லாப் போட்டாலும் அடுத்த இரண்டு கேமுக்கு அவர் ஓரடி பின்னால்தான் நிற்பார்.

உயிரை வாங்கும் மெதுவான சர்வ்

உண்மையைச் சொன்னால் நம் கோர்ட்டுகளில் அதிக பாயிண்ட் போவது வேகமான சர்வ்வில் இல்லை. ஆடி அசைந்து வந்து, சொத்தென்று விழுந்து, எழும்பாமல் கிடக்கும் அந்த இரண்டாவது சர்வ்வில்தான். பார்த்ததும் கை பரபரக்கும். ஓங்கி அடிப்போம், பந்து வேலிக்கு வெளியே. எனக்கும் இது இன்னும் சரியாகவில்லை.

இங்கே எல்லாமே தலைகீழ். பந்தில் வேகம் இல்லை, அதனால் தள்ளினால் மட்டும் போதாது, ஸ்விங் வேண்டும். ஆனால் முதலில் கால் போக வேண்டும். பந்து நம்மிடம் வரும் என்று நின்று, கடைசி நொடியில் குனிந்து எட்டி அடிப்பதால்தான் நெட்டில் போகிறது. சின்னச் சின்ன அடியாக முன்னால் ஓடி, முழங்காலை மடக்கி, பந்தைக் கீழிருந்து மேலாகத் தூக்கி ஆழமாக அனுப்புங்கள். முக்கால்வாசி பலம் போதும். அனுப்பிவிட்டு அப்படியே நெட்டுக்குப் போய்விடலாம்.

தயாராக இல்லை என்றால்?

அவசரப்பட்டு அடுத்தடுத்து சர்வ் போடுபவர்கள் உண்டு. நீங்கள் தயாராகும் முன் அவர் போடக்கூடாது என்பது விதி. கையைத் தூக்கி நிறுத்தலாம். ஆனால் அந்தப் பந்தை அடிக்க முயன்றுவிட்டால் நீங்கள் தயார் என்றே கணக்கு. நெட்டில் அடித்துவிட்டு "நான் ரெடி இல்ல" என்று சொல்வது செல்லாது. அதே மாதிரி, நடுவர் இல்லாத ஆட்டத்தில் சர்வ் உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டியது நீங்கள். சந்தேகம் என்றால் உள்ளே.

எப்படிப் பயிற்சி செய்வது?

தனி கோச்சிங் தேவையில்லை, ஒரு நண்பர் போதும். அவரை பேஸ்லைனில் இல்லாமல் சர்வீஸ் லைனில் நின்று சர்வ் போடச் சொல்லுங்கள். தூரம் குறைவதால் உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் குறையும், பெரிய ஸ்விங் தானாகவே காணாமல் போகும். இருபது பந்து வாங்கிவிட்டு அவரை பேஸ்லைனுக்கு அனுப்புங்கள். திடீரென்று பந்து மெதுவாக வருவது போலத் தோன்றும்.

கண்ணுக்கு ஒரு பயிற்சி உண்டு. டிமோதி கால்வே 1974-ல் எழுதிய 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' புத்தகத்தில் இருப்பது. பந்து தரையில் படும்போது "பவுன்ஸ்", ராக்கெட்டில் படும்போது "ஹிட்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்கக் குழந்தைத்தனமாக இருக்கும். ஆனால் வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "ஐயோ இதையும் விட்டுடுவேனோ" என்று மனசு புலம்ப இடம் கிடைப்பதில்லை.

மேட்ச்சில் ஸ்கோருடன் இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பத்து சர்வ்வில் எத்தனை ரிட்டர்ன் உள்ளே போனது? பாயிண்ட் கிடைத்ததா என்பது அந்தக் கணக்கில் வராது. முதல் வாரம் நான்கு என்றால், அடுத்த வாரம் ஐந்து வருகிறதா பாருங்கள்.