சைலன்சரை அறுத்த கதை

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் வேட்டுச் சத்தம் கேட்டது. ஏதோ ஊர்வலம் வருகிறது என்றுதான் நினைத்தேன். வந்தது என் மச்சினன் மகன். புது புல்லட்டில் கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளியில் வாங்கிய குட்டைக் குழாய் ஒன்றை மாட்டியிருந்தான். பின்னால் அவன் அப்பா உட்கார்ந்திருந்தான்.

“மாமா, வண்டி இப்ப எப்படி இழுக்குது தெரியுமா? பவர் கூடிருச்சு” என்றான் பையன்.

என் மச்சினன் எதுவும் பேசவில்லை. இடது தோளைத் தடவியபடி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையின் அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்தைந்து வருடமாக வீட்டில் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. இன்று எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளுக்கு முன் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மோட்டார் சைக்கிள் என்றால் பெரும்பாலும் மூன்றுதான். மெட்ராஸில் 1955 முதல் தயாரான என்ஃபீல்டு புல்லட், மைசூரில் 1961-இல் தயாரிக்கத் தொடங்கிய ஜாவா, எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத். ஜாவாதான் 1973-க்குப் பிறகு யெஸ்டி என்று பெயர் மாறியது. அதற்குச் சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவோம். எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கூட்டுடன் 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா, அந்த வருடக் கடைசியில் யமஹா ஆர்எக்ஸ் 100. யமஹாவின் இன்ஜின் வெறும் 98 சிசி, ஆனால் 11 குதிரைத்திறன். எடையோ நூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் கூடுதல். வாலிபப் பையன்களுக்கு அதன்மேல் பைத்தியம்.

என் மச்சினனும் ஒன்று வாங்கினான். அவனுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை. வாரத்தில் மூன்று நாளாவது முந்தலைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறியாக வேண்டும். அப்போது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை, மதுரையோடு இருந்தது. நான் பள்ளத்தாக்கிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார்.

1989-இல் ஒருநாள் வந்து, “வண்டிக்கு மூச்சு முட்டுது மச்சான். மெட்டு ஏறும்போது இழுக்க மாட்டேங்குது. என்ன செய்யலாம்?” என்று கேட்டான்.

மெக்கானிக்கிடம் போகச் சொல்லியிருக்க வேண்டும். வாத்தியார் அல்லவா, பதில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் வளர்ந்த ஊர்க்காரனுக்கு எதற்கெடுத்தாலும் வாய்க்கால்தான் உவமை. “மடை அடைச்சுக் கிடந்தா தண்ணி எப்படிப் போகும் மாப்ள? புகை போற வழியைத் திறந்துவிடு. உள்ளே இருக்கிற தடுப்பை எடுத்துட்டு, குழாயைப் பாதியில அறுத்துரு” என்றேன். வெல்டிங் பட்டறைக்கு நானே கூடப் போனேன். சைலன்சர் பாதியானது, சத்தம் பல மடங்கானது. தெருவே திரும்பிப் பார்த்தது. அதைத்தான் பவர் என்று இரண்டு பேரும் நம்பினோம்.

மறுநாள் காலை மெட்டுக்குக் கிளம்பினோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். போடி வரை சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் வண்டி முன்னைவிட மோசமாகத் திணறியது. கத்தியதே தவிர நகரவில்லை. அவன் இரண்டாவது கியரிலேயே ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்திருந்தான். பாதி மலை ஏறியிருப்போம், ஒரு வளைவில் இன்ஜின் சட்டென்று இறுகிப் பின்சக்கரம் நின்றுவிட்டது. கிளட்சைப் பிடிக்க அவனுக்கு நேரம் இல்லை. எனக்குச் சிராய்ப்பு மட்டும். அவன் பாறை ஓரமாக விழுந்து இடது காறை எலும்பு முறிந்தது. ஆள் இறக்கிவிட்டுத் திரும்பிய தோட்டத்து ஜீப் ஒன்று எங்களைப் போடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆஸ்பத்திரிக்கு என் மனைவி ஓடி வந்தபோது, நான் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்: “ரோட்டுல எண்ணெய் கொட்டிக் கிடந்துச்சுக்கா, வழுக்கிருச்சு.”

வண்டியைத் தேனியில் ஒரு வயதான மேஸ்திரியிடம் கொண்டுபோய் விட்டேன். சோழவரம் பழைய விமானத்தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்குப் போகும் பையன்களுக்கு வண்டி தயார் செய்து கொடுத்தவர் அவர். அறுத்த குழாயைப் பார்த்ததும், “எவன் சொன்னான்?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். சாக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு படம் போட்டார். மெல்லிய குழாய், அது கூம்பாக விரிகிறது, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கூம்பாகச் சுருங்கி மெல்லிய வாலாக முடிகிறது.

“சார், டூ ஸ்ட்ரோக்ல இது மடை இல்ல. எதிரொலி” என்றார்.

அன்றைக்கு அவர் நடத்திய பாடத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். அந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை போகும் துவாரத்துக்கு வால்வு கிடையாது. புதுக் கலவை உள்ளே வரும் நேரத்தில் புகை போகும் துவாரமும் திறந்தேதான் இருக்கிறது. அதனால் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். ஆனால் புகை வெளியேறும்போது ஓர் அழுத்த அலையும் குழாயில் ஓடுகிறது. விரியும் கூம்பில் அது பட்டதும் ஓர் உறிஞ்சல் திரும்பி வந்து சிலிண்டரைச் சுத்தம் செய்கிறது. சுருங்கும் கூம்பில் பட்டதும் அழுத்தம் எதிரொலித்து வந்து, தப்பி ஓடிய கலவையைத் துவாரம் மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடுகிறது. எங்கள் மலையைப் பார்த்துக் கூவினால் குரல் திரும்பி வருகிறதே, அதே சங்கதிதான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் 8 பங்கு வினாடி. துவாரம் திறந்திருப்பது ஏறக்குறைய அதில் பாதி. சூடான புகையில் அலை வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். அந்த நேரத்தில் போய்த் திரும்ப மொத்தம் 2 மீட்டர், அதாவது குழாய் சுமார் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். நான் அறுத்து எறிந்தது அந்த எதிரொலியைத்தான். கலவைக் கணக்கும் குலைந்து, பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி இறுகியிருக்கிறது. ஆரம்பத்தில் வண்டி மந்தமானதற்குக் காரணம் சைலன்சருக்குள் படிந்த கரி. உள்குழாயைக் கழற்றித் தீயில் வாட்டிச் சுத்தம் செய்திருந்தால் அரை மணி நேர வேலை.

இந்தக் குழாயின் பூர்வீகத்தைப் பிறகு தேடிப் படித்தேன். ஜெர்மனியில் வேறு சிலரும் முயன்றிருந்தாலும், இதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனிப் பொறியாளர் வால்டர் காடன். போர்க்காலத்தில் பீனெமுண்டே ஆயுத ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். வசதியற்ற கம்பெனியில், 1953 முதல் அலைகளை அளந்து அளந்து குழாய்களை மாற்றினார். 1961-இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்பது அதுவரை யாரும் எட்டாத கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில், அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தோடு மேற்கே தப்பிவிட்டார். அவர் மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் டிக்கியில் ஒளிந்து எல்லையைக் கடந்தார்கள். டெக்னர் ஜப்பானில் சுசுகியிடம் சேர்ந்தார். 1962-இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. அங்கிருந்து அந்த வித்தை மற்ற ஜப்பான் கம்பெனிகளுக்கும் பரவி, கடைசியில் ஆர்எக்ஸ் 100 சைலன்சருக்குள் அடங்கிப் போடிமெட்டு வரை வந்திருக்கிறது. அதைத்தான் நான் இரும்பு ரம்பத்தால் அறுத்தேன்.

கதை அதோடு முடியவில்லை. கை தேறியதும் மச்சினனே மேஸ்திரியிடம், பந்தயப் பையன்களுக்குச் செய்வதுபோல ஒரு குழாய் கேட்டான். அவர் மெல்லிய தகட்டில் கூம்புகள் சுருட்டிப் பற்றவைத்தார். கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினார். ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம், பிஸ்கட் நிறம் இருந்தால் சரி. தேனி–போடி சாலையில் வண்டி பறந்தது. மெட்டு ஏறும்போது மறுபடி செத்துவிட்டது! குறிப்பிட்ட வேகச் சுற்றுக்குமேல்தான் அந்த எதிரொலி சரியான நேரத்துக்குத் திரும்பும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்க வேண்டிய மலைப்பாதையில் அந்தச் சுற்றை எட்டவே முடியாது. “எந்த ரோட்டுல ஓட்டப்போறேன்னு முதல்ல முடிவு பண்ணு, அப்புறம் குழாயைப் பாரு” என்றார் மேஸ்திரி. கம்பெனி சைலன்சர் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினோம். அதோடு அந்த வண்டி பல வருடம் உழைத்தது.

தேனி மாவட்டத்தைப் பிரிக்க அரசாணை வந்த 1996-இல்தான் ஆர்எக்ஸ் 100 உற்பத்தியும் நின்றது. புகைக் கட்டுப்பாடுகள் அந்த வருடமும் 2000-இலும் இறுக, டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். உன் புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக், வால்வு இருக்கிறது, அதனால் குழாயைத் திறந்தாலும் என் வண்டிபோல உடனே சாகாது. ஆனால் அதில் கூடுவதும் பெரும்பாலும் சத்தம்தான். காற்று உள்ளே போகும் வழியும் பெட்ரோல் அளவும் சேர்ந்து மாறினால்தான் கொஞ்சமாவது பவர் கிடைக்கும். 2020-க்குப் பிறகு வந்த வண்டிகளில் சைலன்சரோடு புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்திருக்கின்றன. கழற்றினால் அந்தக் கணக்கு குலையும். சட்டப்படியும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

“அப்பா விழுந்ததுக்கு நீங்கதான் காரணமா மாமா?” என்றான் அவன்.

“ஆமாய்யா” என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், என் மனைவி காபி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

“ரோட்டுல எண்ணெய் கொட்டிக் கிடந்துச்சுன்னு சொன்னியேடா?” என்று தம்பியைக் கேட்டாள்.

“இருந்திருக்கும்க்கா” என்றான் அவன், தோளைத் தடவிக்கொண்டே.