பரோல்: செங்கல்பட்டும் தமிழ்நாடும்

பரோல் என்பது தண்டனைக் கைதி ஒருவரை நிபந்தனையின் பேரில், குறித்த காலத்துக்குச் சிறைக்கு வெளியே விடும் ஏற்பாடு. ஜாமீன் நீதிமன்றம் தருவது. பரோலைப் பெரும்பாலும் சிறைத்துறையோ அரசோ வழங்கும்.

சிறுவர்களுக்கான உரிமம்

இதற்கு நெருங்கிய முறை செங்கல்பட்டில் முதலில் சிறுவர்களுக்கே வந்தது. இங்கு 1887இல் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. குற்றம் புரிந்த 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களைச் சிறைக்குப் பதிலாக 3 முதல் 7 ஆண்டுகள் இத்தகைய பள்ளிகளில் வைக்க 1897ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 14 வயது நிரம்பியவனை நம்பகமான ஒருவரிடம் வேலைக்கு விடப் பள்ளிக் கண்காணிப்பாளர் உரிமம் எழுதிக் கொடுக்கலாம். அது மூன்று மாதமே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். முதலாளி கொடுமைப்படுத்தினால் உரிமம் ரத்தாகும். பையன் ஓடிப்போனால் போலீசார் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். 1920இல் சென்னை மாகாணச் சிறார் சட்டம் வந்தது. பழைய பள்ளியின் வழிவந்ததே இன்றைய அரசினர் சிறப்பு இல்லம்.

1982 விதிகள்

பெரியவர்களுக்குத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982 பொருந்தும். இவற்றில் பரோலுக்கு 'விடுப்பு' என்று பெயர். நெருங்கிய உறவினரின் சாவு, கடும் நோய், பிள்ளைகளின் திருமணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு உண்டு. ஆண்டுக்கு 15 நாள். குறிப்பிட்ட காலம் சிறையில் கழித்தவர் சாதாரண விடுப்புக் கேட்கலாம். வீட்டு நிலவரத்தை நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை தருவார். 40ஆம் விதியின்படி அரசு எவருக்கும் இவ்விதிகளிலிருந்து விலக்கு அளிக்கலாம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினி, மகளின் திருமண ஏற்பாடுகளுக்காக 2019 ஜூலை 25 அன்று ஒரு மாதப் பரோலில் வேலூர் சிறையிலிருந்து வந்தார். பேட்டி கொடுக்கக் கூடாது, அரசியல்வாதிகளைச் சந்திக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்தது.

மீறினால்

நிபந்தனை மீறப்பட்டதாக அரசு கருதினால் நிறுத்திவைப்பை ரத்து செய்யலாம்; ஆளை வாரண்ட் இல்லாமல் கைது செய்து எஞ்சிய தண்டனைக்கு அனுப்பலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432ஆம் பிரிவில் இருந்த இந்த அதிகாரம், 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473ஆம் பிரிவில் தொடர்கிறது. தலைமறைவானவர் பிடிபட்டபின் மறுபடி விடுப்புப் பெறுவதும் கடினம்.

ஒழுங்காகத் திரும்பியவருக்கும் கணக்கு ஒன்று உண்டு: ஆயுள் கைதியின் முன்விடுதலைக்கான 14 ஆண்டுச் சிறைவாசத்தில் பரோல் நாட்கள் சேராது என்று 2023 ஜனவரியில், கோவா வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.