பொது யந்திரமும் பேராசைப் பிராசஸ்களும்

துளையிட்ட அட்டைக் கட்டை ஆபரேட்டரிடம் ஒப்படைத்துவிட்டு, விடை அச்சாகி வரும் வரையில், சில சமயம் மறுநாள் மட்டும்கூட, காத்திருந்த காலத்தில், கம்ப்யூட்டரின் சக்தியை அளவுக்கு மீறி உண்பவர் யார் என்ற விசாரணைக்கு இடமே இருக்கவில்லை. ஒருவருடைய வேலை முடிந்த பிறகே மற்றொருவருடைய வேலை ஏறியது, ஏறிய வேலைக்கு யந்திரம் முழுவதும் சொந்தம். அந்த ஏற்பாடு 1961 நவம்பரில் ஆட்டம் கண்டது. அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய சகாக்களும், பலர் ஒரே வேளையில் ஒரே யந்திரத்தை உபயோகிக்க இடந்தரும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையை ஐ.பி.எம். 709இல் இயக்கிக் காட்டினர். முறை வைத்து வாய்க்கால் நீரைப் பாய்ச்சும் கிராமத்து வழக்கம் போல, ஒவ்வொரு புரோகிராமுக்கும் சிறிது நேரம் ஒதுக்கப்பட்டது. அதற்குள் முடியாத வேலை கீழ் வரிசைக்கு இறக்கப்பட்டு, தன் முறை மீண்டும் வருவதற்கு முன்னைக் காட்டிலும் அதிகமாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பொதுச் சொத்து என்று ஒன்று பிறந்த அன்றே, அதை அபகரிப்பவன் யார், அவனைத் தடுக்கும் உபாயம் எது என்ற கேள்விகளும் உடன் பிறந்தன.

இக்கேள்விகளுக்குக் கட்டளை வரியில் விடை தேடிய சரித்திரம் பெரும்பாலும் யூனிக்ஸின் சரித்திரமே. நியூஜெர்ஸி மாகாணத்தில் மரே ஹில் என்னுமிடத்துப் பெல் ஆராய்ச்சிசாலையில் கென் தாம்ஸனும் டெனிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய அந்தச் சிஸ்டத்தில், 1970களின் முற்பகுதியிலேயே மூன்று சின்னஞ்சிறு கட்டளைகள் இடம்பெற்றுவிட்டன: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களாகிய பிராசஸ்களைப் பட்டியலிடும் ‘பி.எஸ்.’, ஒரு பிராசஸின் முன்னுரிமையைத் தாழ்த்தும் ‘நைஸ்’, அதற்கு முடிவு கட்டும் ‘கில்’. இவற்றுள் பி.எஸ். வேலை செய்த விதம் விசித்திரமானது. அது சிஸ்டத்தின் மையமாகிய கர்னலிடம் கேட்டுப் பதில் பெறவில்லை. கர்னலின் நினைவகத்தையே ஒரு ஃபைலைப் போலத் திறந்து, பிராசஸ் அட்டவணை இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, நேரே வாசித்துக் கொண்டது. ஆகையால் கர்னலின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் பி.எஸ்.ஸையும் மறுபடி கம்பைல் செய்யும்படி நேர்ந்தது. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம், பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த டாம் கில்லியன் 1984இல் விவரித்த ஏற்பாட்டில் கிடைத்தது: ஒவ்வொரு பிராசஸும் ‘ப்ராக்’ என்ற டைரக்டரியில் ஒரு ஃபைலாகவே தோற்றமளித்தது. அந்த யோசனையை, யூனிக்ஸைப் பின்பற்றி எழுந்த லினக்ஸ் மேலும் விரித்ததனால், இன்று ஒரு பிராசஸின் அந்தரங்கத்தில் பெரும்பகுதியைச் சாதாரண எழுத்துகளாகவே படித்துவிட முடிகிறது.

நைஸ் கட்டளையோ மனிதரின் நன்னடத்தையை நம்பி அமைந்தது. அவசரமில்லாத நீண்ட கணக்கு ஒன்றை ஓடவிடுபவர், பிறருக்கு இடைஞ்சல் வராதபடி அதன் நைஸ் எண்ணைத் தாமே உயர்த்திக் கொள்ளலாம். எண் உயர உயர முன்னுரிமை தாழும். இன்றைய லினக்ஸில் அந்த எண் -20 முதல் 19 வரை செல்லும். அதைக் குறைத்துப் பிறரை முந்தும் அதிகாரம் சாதாரணமாக ‘ரூட்’ எனப்படும் நிர்வாகி ஒருவருக்கே உண்டு. விட்டுக்கொடுக்க எல்லோருக்கும் உரிமையிருந்தது, கடமை எவருக்கும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸின் எண்ணையே மாற்றுகின்ற ‘ரீநைஸ்’, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. யூனிக்ஸில் பின்னர் வந்தது; விட்டுக்கொடுக்காதவர்களின் பிராசஸ்களை நிர்வாகியே தாழ்த்துவதற்கு அது வழி செய்தது.

கட்டுப்படுத்துவதற்கு முன்னால் அளந்தறிய வேண்டுமல்லவா? யந்திரத்தின் பளுவை ஒரே எண்ணில் சொல்லும் ‘லோட் ஆவரேஜ்’ 1970களின் தொடக்கத்தில் டெனெக்ஸ் சிஸ்டத்தில் வழங்கிற்று. ஓடுகின்ற, ஓடக் காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையே அது. ஆனால் பளுவை ஏற்றியவன் யார் என்று கண்டுகொள்ள, பி.எஸ். கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பதைத் தவிர யூனிக்ஸில் வேறு வழியில்லை. வி.எம்.எஸ். சிஸ்டத்தில் சி.பி.யு.வை அதிகமாக உண்ணும் பிராசஸ்களைத் தொடர்ந்து காட்டும் வசதி ஒன்று இருந்தது. அதைக் கண்டு, ரைஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் லெஃபெப்வர் 1984இல் ‘டாப்’ புரோகிராமை எழுதினார். சில விநாடிகளுக்கொரு முறை தானே புதுப்பித்துக்கொண்டு, பெருந்தீனிக்காரர்களை முதல் வரிசையில் நிறுத்தும் அந்தத் திரை, நிர்வாகிகளின் நித்திய துணையாயிற்று.

இந்தக் கருவிகளின் போதாமை 1988 நவம்பர் 2ஆம் தேதி இரவு அம்பலமாயிற்று. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் எழுதிய, யந்திரத்துக்கு யந்திரம் தானே பரவும் வோர்ம், யூட்டா பல்கலைக்கழகத்தின் வேக்ஸ் 8600 யந்திரத்துக்குள் 8.49 மணிக்குப் புகுந்தது. 9.21க்கு லோட் ஆவரேஜ் 5, 10.01க்கு 16, 10.06க்குள் புதிய பிராசஸ் ஒன்றைத் தொடங்கவே இடமில்லை. 10.20க்கு நிர்வாகி வோர்மின் பிராசஸ்களைக் கொன்றார். இருபது நிமிஷங்களில் அவை மறுபடி புகுந்து பளு 27 ஆயிற்று. 10.49க்கு யந்திரத்தையே நிறுத்தி மீண்டும் தொடங்கியும், 11.21க்கு அது 37ஐத் தொட்டது. அந்த வோர்ம் பி.எஸ். பட்டியலில் ‘எஸ்.எச்.’ என்ற சாதாரண ஷெல்லின் பெயரைப் பூண்டிருந்தது. நெடுநேரம் ஓடும் பிராசஸின் முன்னுரிமை தாழும் என்பதை அறிந்து, அவ்வப்போது தன்னையே நகலெடுத்துவிட்டுப் பழைய உடலை உதிர்த்தது. கண்காணிப்பவரின் கண்ணையும், தண்டிப்பவரின் கையையும், பங்கீட்டின் நியாயத்தையும் ஒருசேர ஏமாற்றியது எனலாம்.

கொல்வதனால் தீராத வியாதிக்கு வரம்பு கட்டுவதே மருந்து. ‘யூலிமிட்’ போன்ற வரம்புகள் ஏற்கெனவே இருந்தனவெனினும், நினைவக வரம்பு முதலியவை ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனியே பொருந்தியதால், பல பிராசஸ்களைப் பெற்ற புரோகிராம் மொத்தத்தில் எவ்வளவு உண்கிறது என்பதை அவை தடுக்கவில்லை. நினைவகம் முற்றிலும் தீர்ந்தபோது, யாரைப் பலியிடுவது என்பதை லினக்ஸ் கர்னலின் ‘ஓ.ஓ.எம். கில்லர்’ ஒரு மதிப்பெண் கொண்டு தீர்மானித்தது. குற்றவாளி தப்பி, டேட்டாபேஸ் போன்ற உபயோகமான பிராசஸ் மாண்டுபோன சந்தர்ப்பங்களும் உண்டு. கூகுளில் பணியாற்றிய பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006இல் தொடங்கிய முயற்சி, 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கர்னலில் ‘சி-குரூப்’ என்ற பெயரோடு சேர்ந்தது. ஒரு குடும்பத்துப் பிராசஸ்களையெல்லாம் ஒரே கூட்டமாகக் கொண்டு, அக்கூட்டத்துக்கு இவ்வளவு சி.பி.யு., இவ்வளவு நினைவகம் என்று முன்கூட்டியே விதித்துவிட அது வகை செய்தது. லினக்ஸில் டாக்கர் முதலிய கண்டெய்னர்கள் இந்த வரம்பையும் ஆதாரமாகக் கொண்டு நிற்கின்றன.

ஆயினும் பழைய கட்டளைகள் வழக்கொழியவில்லை. சர்வர் திணறும்போது இன்றும் விரல்கள் முதலில் அடிப்பது டாப் கட்டளையைத்தான். பேராசைக்காரன் அகப்பட்டவுடன் கில் கட்டளையால் 9ஆம் எண் சிக்னலை ஏவும் அவசரம் மட்டும் வேண்டாம்; திறந்த ஃபைல்களை மூடி ஒழுங்காக விடைபெற அது அவகாசம் தருவதில்லை. முதலில் ரீநைஸ், பிறகு அவகாசம் தரும் 15, அதற்கும் மசியாவிட்டால் மாத்திரமே 9 என்பது அனுபவஸ்தர்களின் கிரமம். அதே பிராசஸ் மறுநாளும் தலைதூக்கினால், கொல்வதை விட்டு அதற்கு ஒரு சி-குரூப் வரம்பு கட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.