மன்னார் முத்துச் சலாபமும் மாதிரிச் சோதனையும்

மன்னார்ச் சலாபத்தைப் பற்றி எழுதுவோர் அதன் செல்வச் சிறப்பையே பெரிதும் எடுத்தோதுவர். அச்சலாபம் நிகழ்தகவுக் கணிதத்தின் பாற்பட்ட ஒரு சோதனையின் மேல் நிறுத்தப்பட்டிருந்தது என்பது அத்துணை கவனிக்கப்படுவதில்லை.

சிப்பியைத் திறவாது அதனுள் முத்து உண்டா என அறிதல் இயலாது. திறந்தாலோ சிப்பி அழியும். ஆதலின் ஆங்கில ஆட்சியாளர் குளிப்புக்கு முன்னர்ப் பார்களைப் பார்வையிட்டுச் சில ஆயிரஞ் சிப்பிகளை மாதிரியாக எடுப்பித்தனர். அவை அழுகவிடப்பட்டுக் கழுவப்பட்டன. கிடைத்த முத்துக்கள் துளையிட்ட பித்தளைத் தட்டுகளால் பருமன் வாரியாகப் பிரிக்கப்பட்டு, ஆயிரஞ் சிப்பிக்கு இன்ன விலை என மதிக்கப்பட்டன. சலாபங் கூட்டுவதா, விடுவதா என்பதை அம்மதிப்பே பெரிதும் முடிவு செய்தது. பின்னர் மரிச்சுக்கட்டியில் மாலைதோறும் சிப்பிகள் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலமிடப்பட்டன. வாங்குவோர் நம்பிக்கையும் அம்மாதிரியையே சார்ந்திருந்தது.

மாதிரி எத்துணைப் பெரிதாதல் வேண்டும்? நூறு சிப்பிக்கு ஒன்றில் நன்முத்து உண்டு என எடுகோள் கொள்வோம். நூறு சிப்பிகளை மட்டும் திறப்பவன் ஒரு முத்துங் காணாது போவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.37 ஆகும். வளமான பாரை அவன் வறியதென ஒதுக்கிவிடக்கூடும். ஆயிரந் திறப்பின் அந்நிகழ்தகவு பதினாயிரத்தில் ஒன்றினுங் குறையும். பழைய மதிப்பீட்டாளர் இச்சூத்திரத்தை அறிந்திலர். எனினும் ஆயிரத்தை அலகாகக் கொண்டமை அனுபவம் தந்த அறிவெனலாம்.

ஆயினும் மாதிரி விடையிறுப்பது ஒரு வினாவுக்கு மட்டுமே. 1891க்குப் பின் 1903 வரை சலாபம் நிகழவில்லை. இக்காலத்துப் பார்களை ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், 1902 மார்ச்சில் பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் அளவிறந்து செறிந்திருக்கக் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் அவை அங்கில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் கால அலைகள் அவற்றை வாரிச் சென்றன எனக் கருதப்பட்டது. இவ்வெச்சரிக்கை இருந்தும், 1905ஆம் ஆண்டின் பெருஞ்சலாபம் பலரையும் மயக்கிற்று. சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வந்தது. 1906இல் இலண்டன் கம்பெனியொன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1905ஆம் ஆண்டின் வருவாய் மட்டுமே எட்டாண்டுக் குத்தகைக்கு ஈடாதலின், அது இலாபமெனத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின, கம்பெனி நிலைகுலைந்தது. அடுத்த சலாபம் 1925இலேயே கூடிற்று.

கம்பெனி பிழைத்தது கணக்கிலன்று, எடுகோளில். வரும் ஆண்டுகளும் அதே பையிலிருந்து எடுக்கப்படும் என அது கொண்டது. கடலோ பையையே மாற்றிவிட்டது.

அக்காலத்திலேயே, 1908இல், டப்ளின் நகரத்து மதுவடிசாலையொன்றில் பணியாற்றிய கொசெற் என்பார், ‘மாணவன்’ எனப் பொருள்படும் புனைபெயரில் சிறு மாதிரிகளைப் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார். 3,000 அட்டைகளில் அளவுகளை எழுதிக் கலக்கி, நந்நான்காக 750 மாதிரிகள் எடுத்துத் தம் கொள்கையை அவர் சோதித்தார். இயற்கையைப் போலச் செய்து பார்த்து எடுகோளை ஆராயும் இம்முறை, இன்று இடைநிலை வகுப்புகளுக்கும் உரியதாயிற்று.

இதற்குக் கருவிகள் வேண்டுவதில்லை. ஆயிரம் புளியங்கொட்டைகளுள் பத்துக்கு வெண்சுண்ணம் பூசிப் பையிலிடுக. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மீளவிட்டுக் கலக்கி, நூறு முறை எடுப்பது ஒரு மாதிரியாகும். வகுப்பார் நூறு மாதிரிகள் எடுப்பின், ஏறத்தாழ முப்பத்தேழில் வெள்ளைக்கொட்டை தோன்றாது. பின்னர் ஆசிரியர் எவருமறியாது வெள்ளைக்கொட்டைகளை அகற்றிவிடுக. பை மாறியதை மாணவர் எத்தனை மாதிரிக்குப்பின் ஐயுறுகின்றனர் என்பதே பாடமாகும். கம்பெனி பெரும்பொருள் இழந்து கற்றதை, அவர் ஒருபிடிக் கொட்டையாற் கற்பர்.