எல்லா கிரிப்டோ நாணயங்களும் ஒன்றல்ல

கிரிப்டோ நாணயம் என்றதும் பலர் கேட்பது, "விலை ஏறுமா?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, அந்த நாணயம் எதற்கு உதவும் என்பதாகும். அதைப் பெரிதும் தீர்மானிப்பது, நாணயம் இயங்கும் புளொக்செயினின் வடிவமைப்பே.

புளொக்செயின் என்பது ஒரு கணக்குப் பேரேடு. ஒரே வங்கியிடம் இல்லாமல், அதன் பிரதிகள் பல நாடுகளிலுள்ள கணினிகளில் இருக்கின்றன. புதிய பதிவை யார் சேர்ப்பது, எவ்வளவு வேகமாகச் சேர்ப்பது என்ற விதிகள் ஒவ்வொன்றிலும் வேறுபடுகின்றன.

2009 இல் ஆரம்பமான பிட்கொயின் பாதுகாப்புக்கு முதலிடம் கொடுத்தது. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு தொகுதியே சேர்க்கப்படும். செக்கனுக்குச் சுமார் 7 பரிமாற்றங்களுக்கே இடமுண்டு. மொத்த நாணயங்கள் 2 கோடி 10 இலட்சத்தைத் தாண்டாது. ஆகவே நீண்டகாலம் வைத்திருக்க விரும்புவோரை அது ஈர்க்கிறது. கடையில் தேநீர் வாங்க அவ்வளவாகப் பொருந்தாது.

2015 இல் வந்த எதீரியம், பேரேட்டுக்குள்ளேயே கணினி நிரல்களை இயக்க இடமளித்தது. கடன், ஏலம் போன்ற ஒப்பந்தங்கள் இடைத்தரகரின்றி நிறைவேறலாம். ஆனால் நெரிசல் கூடினால் கட்டணமும் கூடும். 2022 செப்டெம்பரில் பரிமாற்றங்களைச் சரிபார்க்கும் முறையை மாற்றியதால், அதன் மின்பாவனை 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

சொலானா வேகத்தைத் தெரிவுசெய்தது. கட்டணம் மிகக் குறைவு. எனினும் 2021 செப்டெம்பரில் அந்த வலையமைப்பு சுமார் 17 மணித்தியாலங்கள் முடங்கியது.

டொலரின் பெறுமதியோடு இணைக்கப்பட்ட நாணயங்களிலும் இரு வகை உண்டு. யுஎஸ்டிடி போன்றவற்றுக்கு, வெளியிடும் நிறுவனம் வைத்திருக்கும் சொத்துகளே ஆதாரம். அங்கு நாம் நம்புவது அந்த நிறுவனத்தை. டெராயுஎஸ்டியோ லூனா என்ற இன்னொரு நாணயத்தையே தாங்குதூணாகக் கொண்டிருந்தது. 2022 மே மாதத்தில் இரண்டும் சேர்ந்தே சரிந்தன.

ஓர் அம்சம் பொதுவானது. பிழையான முகவரிக்குப் பணம் போனால், வங்கியில் முறையிடுவதுபோல் முறையிட ஒரு கருமபீடம் இல்லை. இலங்கை மத்திய வங்கியும் இத்தகைய முதலீடுகளின் ஆபத்துகள் பற்றிப் பலமுறை எச்சரித்துள்ளது.

எனவே யாராவது ஒரு நாணயத்தைச் சிபாரிசு செய்தால் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: பேரேட்டைச் சரிபார்ப்பது யார்? பெறுமதிக்கு ஆதாரம் என்ன? வலையமைப்பு முடங்கினால் பணத்துக்கு என்னவாகும்? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், உழைத்துச் சேர்த்த பணத்தை அதில் போடாதிருப்பதே நல்லது.