யார் இந்த நீதிபதி குன்ஹா? சொத்துக் குவிப்பு வழக்கின் தீர்ப்பும் அதன் பயணமும்

பெங்களூரு: பதவியில் இருந்த முதலமைச்சர் ஒருவருக்குச் சிறைத் தண்டனை விதித்த விசாரணை நீதிமன்ற நீதிபதி என்ற வகையில் தமிழ்நாட்டு மக்களிடையே அறியப்பட்டவர் ஜான் மைக்கேல் டி குன்ஹா. அவர் எழுதிய தீர்ப்பு ஒருமுறை ரத்தாகி, பின்னர் உச்ச நீதிமன்றத்தால் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது.

தொடக்க காலம்

மங்களூருவைச் சேர்ந்த குன்ஹா 1959-ஆம் ஆண்டு பிறந்தார். 1985-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்த அவர், 2002-இல் மாவட்ட நீதிபதியானார்.

வழக்கின் பின்னணி

1991 முதல் 1996 வரை தமிழ்நாடு முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, வருமானத்துக்கு அதிகமாக ரூ.66.65 கோடி சொத்து சேர்த்ததாக வழக்குத் தொடரப்பட்டது. திமுக பொதுச்செயலாளர் க.அன்பழகனின் மனுவை ஏற்று, 2003 நவம்பரில் இவ்வழக்கை உச்ச நீதிமன்றம் பெங்களூருவுக்கு மாற்றியது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2013-இன் இறுதியில் சிறப்பு நீதிபதியாகக் குன்ஹா பொறுப்பேற்றார்.

ஓராண்டுக்குள், 2014 செப்டம்பர் 27 அன்று பரப்பன அக்ரஹாரம் சிறை வளாகத்தில் அமைக்கப்பட்ட நீதிமன்றத்தில் அவர் தீர்ப்பு வழங்கினார். ரூ.53.60 கோடி சொத்துக்குக் கணக்கு இல்லை என்று கண்ட அவர், ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு சிறையும் ரூ.100 கோடி அபராதமும் விதித்தார். சசிகலா, இளவரசி, சுதாகரன் ஆகியோருக்கு 4 ஆண்டு சிறையும் தலா ரூ.10 கோடி அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனை பெற்றோர் மேல்முறையீடு செய்து பதவியில் நீடிக்க வழிவகுத்த சட்டப்பிரிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியிருந்ததால், ஜெயலலிதா உடனடியாகப் பதவி இழந்தார்.

ரத்தும் மீட்பும்

2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுதலை செய்தது. அத்தீர்ப்பில் ரூ.10.67 கோடி என வரவேண்டிய கடன் தொகைகளின் கூட்டல் ரூ.24.17 கோடி எனக் குறிப்பிடப்பட்டது பெரும் விவாதமானது. கர்நாடக அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, குன்ஹாவின் தீர்ப்பை உறுதிப்படுத்தியது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று காலமானதால், அவர் மீதான வழக்கு மட்டும் அற்றுப்போனது. மற்ற மூவரும் தண்டனை அறிவிக்கப்பட்ட அதே பரப்பன அக்ரஹாரத்தில் சரணடைந்து சிறை சென்றனர்.

ஓய்வுக்குப் பின்

2016 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியான குன்ஹா, 2021 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். கரோனா காலக் கொள்முதல் முறைகேடுகள் குறித்தும், 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி மைதானம் அருகே 11 பேர் உயிரிழந்த கூட்ட நெரிசல் குறித்தும் விசாரிக்கும் பொறுப்பைக் கர்நாடக அரசு அவரிடம் ஒப்படைத்தது.

சாட்சியங்களை நேரில் பதிவு செய்து, கணக்குகளை முதலில் சரிபார்ப்பது விசாரணை நீதிமன்றமே. அங்கு எழுதப்படும் தீர்ப்பின் உறுதி, மேல்முறையீட்டின் முடிவில்தான் தெரியவரும் என்பதற்கு இவ்வழக்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.