கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு: இறங்கி வந்த வழி

வட்டக்கானலில் நடக்கத் தொடங்கி, டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குகிறவர்களுக்கு அதன் பிறகு வரும் மதுரைப் பயணம் வெறும் ஓய்வு. அருவியில் ஒரு குளியல், பெரியகுளத்தில் சாப்பாடு, வத்தலக்குண்டு வழி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. நிலக்கோட்டையில் மல்லிகைப்பூ மூட்டைகள் கண்ணில் படும்போது பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள். பொழுது சாய்வதற்குள் ஆரப்பாளையம் வந்துவிடும்.

இந்தச் சுகம் மெல்ல மெல்லத்தான் வந்தது. ஏறக்குறைய 200 வருஷமாக மலைக்கும் மதுரைக்கும் நடுவே போய்வந்தவர்கள், முதலில் மனிதத் தோளையும் பிறகு மாட்டையும் ரயிலையும் மோட்டாரையும் நம்பி இறங்கியிருக்கிறார்கள். இவற்றில் அதிகம் எழுதப்படாதது தோள்தான்.

1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவை அதிகாரி பழனி மலையை அளக்க ஏறியது வெள்ளகவிப் பக்கமிருந்து. அவர் போய்த்தான் மலையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியல்ல. மேலே ஊர்களும் விவசாயமும் ஏற்கெனவே இருந்தன. மக்கள் ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதைகள்தான் அவரையும் மேலே கொண்டுபோயின.

1834இல் அமெரிக்க மிஷன் மதுரையில் கால் ஊன்றியது. வெயிலும் காலராவும் காய்ச்சலும் மிஷனரிக் குடும்பங்களை வாட்டின. முதலில் அவர்கள் பக்கத்திலிருந்த சிறுமலையை முயன்று பார்த்தார்கள். அங்கேயும் மலைக்காய்ச்சல் விடவில்லை. கடைசியில் 1845இல் கொடைக்கானலில் சன்னி சைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் எழும்பின. அன்றுமுதல் கோடையில் ஏறுவதும் கோடை முடிந்து மதுரைக்குத் திரும்புவதும் வருஷாந்தர வழக்கமாயிற்று.

அந்தத் திரும்புதலைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலிருந்து பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை சுமார் 12 மைல் செங்குத்தான பாதை. தெம்பானவர்கள் நடந்தோ மட்டக்குதிரையிலோ இறங்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் மூங்கில் கழி கட்டிய நாற்காலியில் உட்கார, ஆட்கள் தோள்மாற்றித் தூக்கினார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம் எல்லாம் தலைச்சுமை. ஏற்றத்தைவிட இறக்கம் சுலபம் என்று உட்கார்ந்து வந்தவர் சொல்லலாம், தூக்கியவர் சொல்லமாட்டார். சரிவில் நாற்காலி முன்பக்கம் சாயும், பாரமெல்லாம் முன்னால் போகிறவர் தோளில் இறங்கும். ஒவ்வொரு அடியிலும் முழங்காலை மடக்கி அதைத் தாங்க வேண்டும். மழையில் நனைந்த கல்லில் ஒருவர் வழுக்கினால் அத்தனை பேரும் விழ வேண்டியதுதான். பனிக்குளிரில் புறப்பட்டவர்கள் அடிவாரத்தின் அனலில் வந்து சுமையை இறக்கினார்கள். கூலியை வாங்கிக்கொண்டு, அடுத்த சுமை கிடைத்தால் அதே பாதையில் திரும்ப ஏறினார்கள்.

தோப்பிலிருந்து மாட்டுவண்டி. வெயிலுக்குப் பயந்து இரவில்தான் வண்டி கட்டுவார்கள். வைக்கோல் பரப்பி அதன்மேல் படுக்கை விரித்துப் படுத்தால், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு என்று ஊர்கள் இருட்டிலேயே கடந்துபோகும்.

1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் அமைந்த நிலையம் கொடைக்கானல் ரோடு என்ற பெயரைப் பெற்றது. அதோடு மாட்டுவண்டியின் தூரம் அந்த நிலையத்தோடு முடிந்தது. ஆனால் தோப்பிலிருந்து அதுவே 30 மைலுக்கு மேல். மலைப்பாதையிலோ எந்த மாற்றமும் இல்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் மேலே ஏரியை உண்டாக்கியிருந்தார், பங்களாக்கள் பெருகின, 1899இல் நகராட்சியே வந்துவிட்டது. அந்த ஊருக்கு வேண்டிய சாமானில் பெரும்பங்கு இன்னும் முதுகிலும் தலையிலும்தான் ஏறிக்கொண்டிருந்தது.

வத்தலக்குண்டு பக்கமிருந்து ஏறும் சாலைக்குத் தடம் வகுத்தவர் மேஜர் லா. 1870களில் எழுந்த திட்டம் கிடப்பில் கிடந்து, ஒருவழியாக 1914இல் முடிந்தது. இன்றைக்கும் அதற்கு லாஸ் காட் ரோடு என்றுதான் பெயர்.

சாலை தயாரானபோது மதுரையில் மோட்டாரும் தயாராக இருந்தது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912இலேயே மதுரையில் பஸ் விட்டிருந்தார். மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் அந்தக் காலத்து டயர்களைக் கிழித்துவிடும். அதற்காக, காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளை எடுத்தார்கள் என்பது மதுரைக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் செய்தி. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சும் அப்படி வந்ததுதான். 1972இல் பஸ்கள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் கைக்குப் போயின.

இப்படி மதுரைக்குத் திரும்பும் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் சாலை வத்தலக்குண்டு பக்கம் போனதால் பெரியகுளம் பக்கத்துப் பாதைகளை வெளியுலகம் மறந்தது. வெள்ளகவியில் பல தலைமுறைகள் சாலை இல்லாமலே வாழ்ந்தன. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் குதிரை முதுகிலும் தலைச்சுமையிலும் போயின. நோயாளியையும் பிரசவ வலி எடுத்த பெண்ணையும் டோலி கட்டித்தான் தூக்கிவர வேண்டியிருந்தது. வார்டு ஏறி ஒரு நூற்றாண்டுக்குள் பங்களாக்காரர்களுக்குச் சாலை வந்தது. அவர் ஏறிவந்த பக்கத்து மக்கள் அதன் பிறகும் ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இதை நியாயம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏரியென்றால் லெவிஞ்ச், சாலையென்றால் லா என்று வரலாறு பெயர் சொல்கிறது. சுமந்தவர்களின் பெயர்கள் பதியப்படாமலே போய்விட்டன. இனிமேல் அவற்றைத் தேடி எடுப்பது கடினம். ஆனால் பாதை இன்னும் மிச்சமிருக்கிறது. கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஏறும் பழைய தடத்தைப் பாரம்பரிய வழியாக அறிவித்து, அதில் சுமை தூக்கி நடந்தவர்களைப் பற்றி அடிவாரத்தில் ஒரு பலகை வைக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். வெள்ளகவி வழியாக இறங்குகிறவர்கள் வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு அழைத்து, அவருக்குரிய கூலியைக் கொடுத்து வாருங்கள். ஊருக்குள் நுழையும்போது அவர்கள் வழக்கப்படி செருப்பைக் கழற்றுங்கள். சுமையோடு ஏறிவருகிறவர் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுங்கள்.